கொக்கிக்குப் பதில் கயிறு: கைட் சர்ஃபிங் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து வார இறுதியில் ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று கைட் சர்ஃபிங் போகிற பிள்ளைகள் கூடிவருகிறார்கள். சந்தோஷம்தான். அவர்கள் இடுப்பில் கட்டியிருப்பதைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஹார்னஸின் முன்பக்கம் குறுக்கே இருப்பது ஸ்ப்ரெடர் பார். அதிலுள்ள கொக்கியைக் கழற்றிவிட்டு இரு முனைக்கும் நடுவே ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றில் ஓடும் வளையத்தில் பட்டத்தின் சிக்கன் லூப் என்ற கண்ணியை மாட்டினால், திரும்பும் பக்கமெல்லாம் இழுப்பும் கூடவே நகரும், இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. நல்ல ஏற்பாடு. ஆனால் கொக்கி இருந்த இடத்தில் இப்போது உங்களையும் பட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த ஒரு முழக் கயிறு மட்டுமே.

"ஏனுங்க, கயிறுதானுங்களே, ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்குமுங்களே?" கிடைக்கும். கொடி கட்டினால் துணியும் காயும். இதற்கு வேண்டியது உள்ளே டைனீமா, மேலே பாலியஸ்டர் உறை போட்ட கயிறு. ஹார்னஸ் கம்பெனியே ஸ்பேராக விற்கிறது. டைனீமா வழுக்கும். சாதாரண முடிச்சு பாரம் ஏறியதும் மெல்ல நழுவும். நழுவாத முடிச்சும் கயிற்றின் பலத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். சூடும் ஆகாது. 150 டிகிரியை நெருங்கினாலே உருகிவிடும். ஆகவே ஒரு முனை கம்பெனியே பின்னிக் கொடுத்த கண்ணியாக இருக்கட்டும். நீளத்தை மாற்றும் மறு முனையில் மட்டும், கம்பெனி படம் போட்டுக் காட்டிய முடிச்சு. முடிச்சுக்கு வெளியே வால் நீளமாக இருக்கட்டும், அழகுக்காக நறுக்காதீர்கள்.

நீளத்தைக் கூட்டும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. தளர்வு கூடினால் பட்டத்தின் பார் கைக்கு எட்டாமல் விலகும், அவசரத்தில் தட்டவேண்டிய குயிக் ரிலீஸும் கூடவே விலகும். குட்டையாக வைத்துத் தொடங்குங்கள். கடலுக்குப் போகுமுன் வீட்டு ஊஞ்சல் கொக்கியில் சிக்கன் லூப்பை மாட்டி, முழு எடையையும் இடமும் வலமுமாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். முடிச்சு இறுகியபின் நீளம் மாறியிருக்கும், மறுபடி சரிசெய்யுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் கயிற்றின் மேல் நகத்தை ஓட்டுங்கள். வளையம் உரசும் இடத்தில் உறை பஞ்சுபோல் பிரிந்திருந்தாலோ கண்ணாடிபோல் கெட்டித்திருந்தாலோ கயிறு முடிந்தது. உள்நூல் தெரியும்வரை காத்திருப்பவரிடம் நான் பேசுவதில்லை.

இன்னொன்று. சேஃப்டி லீஷை ஹார்னஸில் அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். கயிற்றிலோ கயிற்றில் ஓடும் வளையத்திலோ மாட்டாதீர்கள். கயிறு அறுந்தால் பட்டத்தைச் சாய்க்க இருக்கும் ஒரே பிடியும் சேர்ந்தே போகும். மறுபடி சொல்கிறேன்: லீஷ் கயிற்றில் கூடாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018-இல் நம் கோவையிலேயே பாராசெயிலிங் போனவர் ஒருவர் விழுந்து இறந்தார். ஒரு மாதம் பேசினோம், மறந்தோம்.

இனி காகிதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 84: சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ தராத தயாரிப்பாளர், அதனால் நேரும் காயத்துக்குப் பொறுப்பு. ஆனால் பிரிவு 87-ஐயும் படியுங்கள். காயம் நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர்மேல் பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது. ஹார்டுவேர் கடைக் கயிற்றைக் கட்டிய அன்றே அந்த உரிமையை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள். ஸ்பேர் கயிற்றின் பில், அதனுடன் வந்த விளக்கத் தாள் இரண்டையும் போனில் படமெடுத்து வையுங்கள். பில் இல்லாமல் தெரிந்தவரிடம் பழசாக வாங்கினால் கேட்க ஆளே கிடையாது.

விபத்து நடந்துவிட்டால் தமிழகக் கடலோரக் காவல் 1093, மத்திய அரசின் கோஸ்ட் கார்டு 1554. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டின் காப்பி, காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது, பயிற்சிக் கட்டண ரசீது மூன்றையும் கேட்டு வாங்குங்கள். "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று பயிற்சி தந்தவர்கள் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தாளின் நகலும் வேண்டும். கையெழுத்துப் போட்டதாலேயே அவர்கள் அலட்சியம் மறைந்துவிடாது. அறுந்த கயிற்றைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவவும் கூடாது. கவரில் போட்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 38-இன்படி நுகர்வோர் ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். கயிற்றைத் தூக்கிப் போடாதீர்கள் என்று இரண்டாம் முறை எழுதுவதற்குக் காரணம், முதலில் அதைத்தான் எல்லாரும் தூக்கிப் போடுகிறார்கள்.

"சம்பவம் நடந்த ஊருக்குப் போங்க" என்று யாராவது சொன்னால் நாற்காலியை விட்டு எழாதீர்கள். பிரிவு 34(2)(ஈ) நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. ராமேஸ்வரத்தில் அடிபட்டாலும், மும்பையிலிருந்து பார்சலில் வாங்கினாலும், கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். முடியாது என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம்தான் கெடு. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். சந்தேகத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மருத்துவக் காப்பீட்டுக்காரர் சாகச விளையாட்டு என்று சொல்லிக் கைவிரித்தால், பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் 09' என்ற வரியைத் திறந்து காட்டுங்கள். தொழில்முறையாக ஆடுகிறவருக்குத்தான் அந்த விலக்கு. மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் இருக்கிறார், அவருக்கும் கட்டணம் கிடையாது.