கணினியே காது, கணினியே இரைச்சல்

1975 ஏப்ரல் மாதம். கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் கூட்டம். ஸ்டீவ் டாம்ப்பியர் என்ற உறுப்பினர் தன்னுடைய ஆல்டேர் 8800 கணினியைக் கொண்டுவந்திருந்தார். அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. முகப்பிலிருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளித் தள்ளியே நிரலை ஏற்றினார். பிறகு ஒரு சின்ன ரேடியோவைக் கணினியின் மேல் வைத்தார். அதிலிருந்து பீட்டில்ஸ் குழுவின் பாட்டு மெட்டு கிளம்பியது. கூட்டம் ஆரவாரித்தது.

ரேடியோவுக்கும் கணினிக்கும் இடையே ஒரு வயர்கூட இல்லை. எண்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த ரேடியோ கரகரப்பதை டாம்ப்பியர் முன்பே கவனித்திருந்தார். எந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் எந்தச் சுருதி வருகிறது என்று தேடிப் பிடித்து, கரகரப்பை ராகமாக்கிவிட்டார்.

அன்று கைதட்டல் வாங்கிய அந்த மின்காந்தக் கசிவுதான் இன்று ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்களின் பெரிய தலைவலி. கணினியை அணைத்துவிட்டு ரேடியோ கேட்பது அந்தக் காலத்தில் எளிது. இப்போது அது முடியாது. ரேடியோவே கணினிக்குள் குடியேறிவிட்டது.

பெட்டி சுருங்கிய கதை

பழைய ரிசீவரில் காயில்கள், வடிகட்டிகள், படிப்படியான பெருக்கிகள் என்று ஒரு பெட்டி நிறைய பாகங்கள் இருக்கும். அந்த வேலைகளில் பெரும்பகுதியை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன என்று கேட்டவர்களில் முக்கியமானவர் டெக்சாஸைச் சேர்ந்த ஜெரால்டு யங்பிளட். ‘க்யூஇஎக்ஸ்’ என்ற ஹாம் தொழில்நுட்ப இதழில் 2002-ல் அவர் எழுதத் தொடங்கிய கட்டுரைத் தொடர், சாதாரண ஆர்வலர்களுக்கும் மென்பொருள் வானொலியைக் கொண்டுவந்தது. அடிப்படை எளிமையானது. ஆன்டெனாவில் வரும் சிக்னலை, டேன் டெய்லோ வடிவமைத்த நான்கு நிலை மின்சுவிட்ச் ஒன்றின் வழியே அனுப்ப வேண்டும். அது மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கும் சிக்னலைக் காதுக்கு எட்டும் அதிர்வெண்ணுக்கு அருகே இறக்கி, இரண்டு கிளைகளாகத் தரும். அவை சவுண்ட் கார்டின் இடது, வலது வழிகளில் கணினிக்குள் போகும். மீதி எல்லாம் கணக்கு. இந்த வழியில் வந்த ‘சாஃப்ட்ராக்’ கிட், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பலகையில் ஒரு முழு ரிசீவரையே அடக்கிவிட்டது.

அடுத்த திருப்பம் 2012-ல். கணினியில் டிவி பார்ப்பதற்காக விற்ற மலிவான யூஎஸ்பி டாங்கிளுக்குள் ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யூ என்ற சிப் இருந்தது. எஃப்எம் கேட்கும் நிலையில் அது சிக்னலின் மாதிரிகளை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடுகிறது என்பதைப் பின்லாந்தைச் சேர்ந்த ஆன்டி பலோசாரி கவனித்தார். ஆஸ்மோகாம் என்ற மென்பொருள் குழுவினர் அதற்கான நிரலை எழுதினார்கள். டிவி டாங்கிள், சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரிசீவராக மாறியது. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசுவதையும் அதில் கேட்கலாம்.

கேட்கலாம், கணினி விட்டால்.

சத்தம் உள்ளே வரும் வழிகள்

கணினியின் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு தாளத்துக்கு ஓடுகிறது. அந்தத் தாளம் சதுர வடிவ மின்துடிப்பு. சதுரத் துடிப்பு என்றாலே அதன் மடங்குகளான அதிர்வெண்களும் கூடவே பிறக்கும். டாங்கிளுக்குள் இருக்கும் படிகம் 28.8 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 144. ஹாம்களின் இரண்டு மீட்டர் அலைவரிசை தொடங்கும் இடம் அதுவே. பதினைந்தால் பெருக்கினால் 432. எழுபது சென்டிமீட்டர் அலைவரிசையில் பலவீனமான சிக்னல்களைத் தேடுபவர்கள் காத்திருக்கும் இடம் அது. இரண்டு இடத்திலும் டாங்கிள் தன் குரலையே கேட்டுக்கொள்ளும்.

இது உள்வீட்டுச் சத்தம். வெளியிலிருந்து வருவது இன்னும் மோசம். லேப்டாப் சார்ஜர் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் 19 வோல்ட்டாக்குகிறது. வெட்டும் வேகம் 65 கிலோஹெர்ட்ஸ் என்றால், சிற்றலையில் 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை ஒரு இரைச்சல் பட்டை எழும். யூஎஸ்பி இணைப்போ தகவலைச் சின்னச் சின்னக் கட்டுகளாக அனுப்புகிறது. பழைய வேகத்தில் நொடிக்கு 1,000 கட்டு, அதிவேக யூஎஸ்பியில் 8,000. அந்த இடைவெளியிலேயே சீப்பின் பற்கள்போல இரைச்சல் கோடுகள் தோன்றும். யூஎஸ்பி 3.0-ன் கசிவு 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மவுஸையே தடுமாற வைக்கிறது என்று இன்டெல் நிறுவனம் 2012-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டது.

சாஃப்ட்ராக் போன்ற சவுண்ட் கார்டு ரிசீவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. அது சிக்னலைப் பூஜ்ஜியத்தை ஒட்டிய அதிர்வெண்ணுக்கு இறக்குகிறது. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரமும் அதன் மடங்குகளும் குடியிருக்கின்றன. ரிசீவரின் எர்த்தும் கணினியின் எர்த்தும் ஆடியோ வயர் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்துவிட்டால், திரையின் நடுவே ரீங்காரக் கோடுகள் புதராக மண்டிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கள்ளப் பாதை இருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளின் உட்புறம் சிக்னலைச் சுமக்கிறது. அதன் வெளி உறையோ கணினியின் உடலோடு தொடர்பில் இருக்கும் நீண்ட வயர். கணினி, சார்ஜர், யூஎஸ்பி எல்லாவற்றின் கசிவும் அந்த உறையின் வெளிப்புறமாக ஓடி ஆன்டெனா வரை ஏறி, அங்கே சிக்னலோடு கலந்து, உட்புறமாக இறங்கி வருகிறது. நல்ல கேபிள் வாங்கினேன், ஆன்டெனாவை மாடியில் கட்டினேன், இரைச்சல் மட்டும் குறையவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாதையில் மாட்டியவர்கள்.

டாங்கிளின் இன்னொரு பலவீனம் அதன் எட்டு பிட் அளவுகோல். 256 படிகளுக்குள் பெரிய சிக்னலையும் சின்னச் சிக்னலையும் அது ஒன்றாக அளக்க வேண்டும். மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காய் நிறுப்பதுபோல்தான். கணினியின் இரைச்சலோ பக்கத்து எஃப்எம் நிலையமோ தட்டை நிறைத்துவிட்டால், தூரத்துச் சிக்னல் முள்ளை அசைக்கவே அசைக்காது.

சட்டம் சொல்லும் அளவு

அப்படியானால் கணினிகளுக்கு விதி எதுவும் கிடையாதா? உண்டு. வீட்டுக் கணினிகள் டிவியையும் ரேடியோவையும் கெடுக்கின்றன என்ற புகார்கள் குவிந்ததால், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1979-ல் கணினிகளுக்கென விதிகளை வகுத்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த டிஆர்எஸ்-80 மாடல் 1 கணினி, அந்த விதிகளுக்குள் அடங்காமல் 1981 தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. வானொலிக் குறுக்கீட்டுக்கான சர்வதேசக் குழுவான சிஸ்பர், 1985-ல் தன் 22-ம் எண் தரத்தை வெளியிட்டது.

ஆனால் இந்த விதிகளின் நோக்கம், பக்கத்து வீட்டுக்காரர் டிவியும் ரேடியோவும் தொந்தரவின்றி அனுபவிப்பது. ஹாமின் தேவை வேறு. வீட்டு உபயோகக் கணினி 10 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்குச் சுமார் 30 மைக்ரோவோல்ட் அளவு புலத்தை உண்டாக்கலாம் என்கிறது சிஸ்பர் வரம்பு. அந்த இடத்தில் இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான எளிய டைபோல் ஆன்டெனா இருந்தால், அதன் முனையில் கிட்டத்தட்ட 10 மைக்ரோவோல்ட் சேரும். நல்ல ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட்டிலேயே பேச்சைப் பிரித்துவிடும். சோதனையில் தேறிய கணினிகூட, கேட்க வேண்டிய சிக்னலைவிட ஐம்பது மடங்கு உரக்கக் கத்தலாம் என்று அர்த்தம். அதுவும் 10 மீட்டர் தள்ளி. நம் லேப்டாப் இருப்பதோ ரிசீவருக்கு ஒரு முழம் தள்ளி.

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நிலைமை இன்னும் தளர்வு. சிஸ்பர் தரம் அங்கே மின்கம்பி வழியே கசிவதை மட்டும் அளக்கிறது. காற்றில் பரவுவதை அளக்கும் வரம்பு 30-க்கு மேல்தான் தொடங்குகிறது. சிற்றலை ஹாம்களின் உலகம் முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. பல கணினிகள் தம் கடிகாரத் துடிப்பை ஒரே இடத்தில் நிறுத்தாமல், சுமார் அரை சதவீதம் வரை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டே இருக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு அரை மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவிவிடும். உச்சி தாழ்வதால் சோதனையில் தேறிவிடும். மொத்த ஆற்றல் குறைவதில்லை. ஒரு கோட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்கலாம், அரை மெகாஹெர்ட்ஸ் பட்டையை எப்படி ஒதுக்குவது?

திரையே துப்பறியும்

மென்பொருள் வானொலியின் பெரிய வரமும் இங்கேதான் இருக்கிறது. பழைய ரிசீவரில் இரைச்சல் வெறும் ‘உஸ்ஸ்’. இதில் அது கண்ணுக்குத் தெரிகிறது. வாட்டர்ஃபால் எனப்படும் திரையில் கிடைமட்டம் அதிர்வெண்ணையும் செங்குத்து நேரத்தையும் காட்டும். ஆடாமல் அசையாமல் இறங்கும் மெல்லிய கோடு படிகத்துடிப்பு. சம இடைவெளியில் நெளிந்து நெளிந்து இறங்கும் தடித்த பட்டைகள் சார்ஜர். ஒரு கிலோஹெர்ட்ஸுக்கோ எட்டு கிலோஹெர்ட்ஸுக்கோ ஒன்றாக வரிசை கட்டினால் யூஎஸ்பி.

குற்றவாளியைப் பிடிக்க மூன்று சோதனைகள் போதும். முதலில் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். கோடு அப்படியே இருந்தால் அது ரிசீவருக்குள்ளேயே பிறக்கிறது. மறைந்தால், ஆன்டெனா வழியாக வருகிறது. அடுத்து, டியூனிங்கின் மைய அதிர்வெண்ணை நகர்த்துங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் அது காற்றில் இல்லாத போலி. மூன்றாவதாக, லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால், எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எல்இடி பல்பு, வைஃபை ரவுட்டர், செல்போன் சார்ஜர் என்று ஆட்கள் அகப்படுவார்கள்.

மருந்து எது?

மென்பொருளால் இரைச்சலை வடிகட்ட முடியாதா என்று பலரும் கேட்பார்கள். ‘டிக் டிக்’ என்ற துடிப்புகளை ஓரளவு வெட்டலாம். தனிக் கோட்டை அகற்றலாம். சிக்னலின் மேலேயே பரவி உட்கார்ந்த இரைச்சலை எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. கலப்பதற்கு முன் தடுப்பதுதான் வழி.

முதல் மருந்து தூரம். ஆன்டெனா கணினியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு நல்லது. கணினியின் பின்புறத்தில் டாங்கிளை நேரடியாகச் செருகாமல், நல்ல உறையுள்ள நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்து, உலோகப் பெட்டிக்குள் அடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, கள்ளப் பாதையை அறுப்பது. கேபிளை ஃபெரைட் வளையத்துக்குள் சுற்றினால், உறையின் வெளிப்புறமாக ஓடும் மின்னோட்டம் தடைபடும். தடை, சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும்: ஐந்து சுற்றுக்கு ஏறத்தாழ 25 மடங்கு. வயரின் மேல் கிளிப்பைப்போல மாட்டும் ஒற்றை ஃபெரைட் மணி சிற்றலைக்கு உதவாமல் போவதன் காரணம் இதுவே. ஃபெரைட்டின் கலவையும் முக்கியம். சிற்றலைக்கு ஹாம்கள் பெரிதும் நம்புவது 31-ம் எண் கலவை. சாஃப்ட்ராக் வகை ரிசீவர்களில், ஆன்டெனா நுழையும் இடத்தில் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்து எர்த் வளையத்தை அறுத்துவிடலாம். ரிசீவருக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் ரீங்காரம் இன்னும் அடங்கும்.

விலை உயர்ந்த ரிசீவர் வாங்கினால் தீராதா என்றால், சிற்றலையில் தீராது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, 7 மெகாஹெர்ட்ஸில் குடியிருப்புப் பகுதியின் மனித இரைச்சல், இயற்கையான வெப்ப இரைச்சலைப்போல ஏறத்தாழ 80,000 மடங்கு. அமைதியான கிராமப்புறத்தில் அது 900 மடங்குக்குள். ரிசீவர் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இந்தத் தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதைக் கேட்காது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான அளவீடுகள் 1974-ல் வெளியானவை, டாம்ப்பியரின் ஆல்டேர் சந்தைக்கு வருவதற்கும் முன்பு. இன்றைய அடுக்குமாடி வீட்டில் ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு சார்ஜர் தொங்குகிறது.

தன் வீட்டைச் சுத்தம் செய்த பிறகும் பக்கத்து வீட்டு இரைச்சல் மிஞ்சும். அதனால்தான் சிலர் ரிசீவரையும் சிறு கணினியையும் தோட்டத்து மூலைக்கு அனுப்பிவிட்டு, தகவலை மட்டும் வைஃபையிலோ ஆப்டிகல் ஃபைபரிலோ வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஓடும் ரிசீவரை உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையத்தில் திருப்பிக் கேட்கலாம். தூரம் என்ற மருந்தை முழு டோஸில் எடுத்துக்கொண்ட வைத்தியம் அது.

வீட்டில் ஒரு டாங்கிள் இருந்தால் அதற்கு உடனே ஒரு வேலை கொடுக்கலாம். ஆன்டெனாவுக்குப் பதிலாக வயரை ஒரு சின்ன வளையமாக்கி மாட்டுங்கள். வீட்டிலுள்ள சார்ஜர்களை ஒவ்வொன்றாக அதன் அருகே கொண்டுபோய்த் திரையைப் பாருங்கள். ஒரே அளவு மின்சாரம் தரும் இரண்டு சார்ஜர்களில் ஒன்று திரையையே நிரப்பும், இன்னொன்று இருப்பதே தெரியாது. தெரியாததை ரேடியோ மேசைக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை வீட்டின் மறுகோடிக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த ரிசீவருக்குக் காசு சேர்ப்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.