கரையிலிருந்து வந்த பங்கு

மடு அன்னையின் ஆவணித் திருவிழாவிற்குச் செல்லும் கொழும்புக் குடும்பங்கள் பல, ஆகஸ்ட் 15 திருப்பலி முடிந்ததும் நேரே வீடு திரும்புவதில்லை. மன்னார்ப் பக்கம் உறவினர் இருப்பின் ஓரிரவு தங்கி, ஒரு பெட்டி மீனுடன் வருவதே வழக்கம். நாமும் அவ்வாறே பேசாலையிலுள்ள மாமி வீட்டிற்குச் சென்றோம். சோளகம் வீசும் மாதங்களில் தென்கரைக் கடல் கொந்தளித்தாலும், தீவின் வடகரையிலுள்ள பேசாலைக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். எனவே, சொல்ல வெட்கமாயிருப்பினும், பெரியதொரு றெஜிபோம் பெட்டியை வீட்டிலிருந்தே சுமந்து சென்றிருந்தோம்.

விடியற்காலையில் மச்சானின் வள்ளம் கரையேறியபோது நானும் அங்கு நின்றேன். வலையில் ஒரு பக்கம் அறுந்திருந்தது. நாலைந்து பாரை, சிறிது கணவாய், கொஞ்சம் நண்டு, அவ்வளவே. இழுவைமடித் தொழில் நம் நாட்டில் 2017 இல் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது; ஆயினும் எல்லை தாண்டி வந்த இந்திய இழுவைப் படகுகள் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்த நாள்முதல், கடலுக்குப் போவதற்கே கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று என்றார் மச்சான்.

ஏலம் கூறுபவர் வருமுன்னரே மாமி குனிந்து, பெரிய பாரை இரண்டையும் நண்டு அத்தனையையும் உமலில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, அது எண்ணெய்க் காசு" என்றார் மச்சான், தாழ்ந்த குரலில்.

"பிள்ளையள் வந்திருக்குதுகள். நீ பேசாமல் இரு."

பின்னர் நான் பணத்தை நீட்டினேன். மாமி என் கையை மடக்கித் தள்ளினார். அன்று பகல் முழுவதும் என்னோடு சரியாகப் பேசவுமில்லை.

பெட்டியை அடுக்கியவர் மச்சானே. செவுளும் குடலும் நீக்கிய மீன் ஓரடுக்கு, நொறுக்கிய ஐஸ் ஓரடுக்கு. மீனின் எடைக்குச் சமமாக ஐஸ். உருகும் நீர் வடிய அடியில் ஒரு துளை. (அத்துளை, பேருந்தில் அயலிருக்கைப் பெரியவரின் செருப்பை நனைத்தது வேறு கதை.)

வழிநெடுக யோவான் நற்செய்தியின் 21 ஆம் அதிகாரமே நினைவில் நின்றது. இரவெல்லாம் வெறும் வலை இழுத்த சீடர் எழுவரும் கரை சேர்ந்தபோது, அங்கே கரிநெருப்பில் மீனும் உடன் அப்பமும் ஆயத்தமாயிருந்தன. அப்படியிருந்தும், அவர்கள் பிடித்ததிலிருந்து சிலவற்றைக் கொண்டுவரும்படி ஆண்டவர் கேட்கிறார். நாம் 153 என்னும் எண்ணின் பொருளை ஆராய்ந்துகொண்டு, இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். கொடுப்பவர் என்னும் மதிப்பை ஆண்டவர் அவர்களுக்கு அளித்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நானோ பணத்தை நீட்டி, மாமியிடமிருந்து அதனைப் பறிக்கப் பார்த்தேன். ஆனால் மச்சானின் எண்ணெய்க் காசு? அது நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

உறவினர் தந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்புவதில்லை என்பது எம்மவர் வழக்கம். பெட்டி எங்களுடையதே, எனினும் மனைவி அதனைக் கழுவிக் காயவைத்து, மாமிக்கு ஒரு சேலையும் அறுந்த வலைக்கு வேண்டிய நூலும் வைத்து, மறுவாரமே மன்னார் சென்ற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மாமி கோபித்ததாகத் தகவல் இல்லை.

மார்கழியில் அதே பெட்டி, கட்டாக் கருவாட்டுடன் எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தது.