உங்களுக்குத் தெரியுமா? கடல் கயாக்கில் ஒரு நீண்ட நாள்

★ மேற்கு ஆஸ்திரேலியாவில் ஸைட்டோர்ப் பாறைக் கரை என்று ஒன்று இருக்கிறது. 150 கி.மீ.க்கும் மேல் செங்குத்துப் பாறைதான். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஒதுங்க இடமே கிடையாது. சில இடங்களில் உயரம் 250 மீட்டர். 1712-இல் இங்கே மோதி உடைந்த டச்சுக் கப்பலின் பெயரே கரைக்கும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவை முதன்முதலில் கயாக்கில் சுற்றிவந்த பால் கேஃபின், 1982-இல் இந்தப் பகுதியை 34 மணி நேரம் இடைவிடாமல் துடுப்பு போட்டுத்தான் கடந்தார். இறங்க இடமில்லாத கரையில் ஒரு நாள் எப்போது முடியும் என்பதைக் கரைதான் தீர்மானிக்கும்.

★ அந்த 34 மணி நேரத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட மாத்திரைகள் இரண்டு வகை. ஒன்று தூக்கம் வராமலிருக்க. இன்னொன்று வயிற்றைக் கட்ட. இரண்டாவது ஏன் என்று கேட்கலாம். இடுப்பளவுத் துளைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே புகாதபடி இடுப்பைச் சுற்றி மூடியும் மாட்டிக்கொண்டவர் எழுந்து நிற்கவே முடியாது. சாப்பாடு, தண்ணீர், சிறுநீர் எல்லாமே உட்கார்ந்த இடத்தில்தான். பயண நூல்களில் புயலுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. இதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். ஆனால் நீண்ட நாளுக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் யோசிப்பது இதைத்தான்.

★ பாறையை ஒட்டிப் போனால் அலை குறைவாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மோதிய அலை திரும்பி வந்து, அடுத்து வரும் அலையோடு முட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் கூம்பு கூம்பாக நேர்மேலே எழும்பும். எந்தப் பக்கமிருந்து வரும் என்று கணிக்க முடியாததால் அதற்குத் தகுந்தபடி உடம்பைச் சாய்த்துச் சமாளிக்கவும் முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் பாறைக் கரையைவிட்டு நன்றாக விலகியே ஓட்டுகிறார்கள்.

★ துடுப்பு போடுவது கை வேலை அல்ல. பக்கத்திலிருந்து ஒரு தேர்ந்த கயாக்காரரைக் கவனியுங்கள். வலப்பக்கம் துடுப்பு நீரில் இறங்கும் அதே நொடியில் அவருடைய வலது பாதம் உள்ளேயிருக்கும் மிதிகட்டையை அழுத்தும். இடுப்புக்கு மேல் உடம்பு முழுவதும் திரும்பும். முழங்கை அதிகம் மடங்காது. பாதத்தில் தொடங்கும் விசை இடுப்பு, முதுகு வழியாகத் துடுப்புக்குப் போகிறது. கை அதைக் கடத்துகிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 50 வீச்சு என்று வைத்துக்கொண்டால் 8 மணி நேரத்தில் 24,000 வீச்சு. கையால் மட்டும் இழுப்பவருக்கு மதியத்துக்குள் தோள் விட்டுப்போகும். பிடியை இறுக்கினாலும் ஆபத்துதான், மணிக்கட்டுத் தசைநாண் வீங்கிவிடும். விரல்களை மோதிரம்போல வளைத்துத் தளர்வாகப் பிடித்தால் போதும்.

★ கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண், கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்கூட இல்லை. அவருக்குத் தொடுவானம் சுமார் 3 கி.மீ. தூரத்திலேயே முடிந்துவிடும். ஆனால் 30 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சி 20 கி.மீ.க்கு அப்பாலிருந்தே தெரியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரிகிறதே, வந்துவிட்டோம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மணிக்கு 5, 6 கி.மீ. வேகத்தில் அங்கே போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம் ஆகும்.

★ அந்த வேகத்தில் நீரோட்டத்தை எதிர்த்து நிற்க முடியாது. எதிரே மணிக்கு 4 கி.மீ. ஓட்டம் இருந்தால், ஒரு மணி நேரம் உழைத்தும் ஒன்றரை கி.மீ. நகர்ந்தால் பெரிது. அதனால் ஓதத்தைக் கணக்குப் போட்டுத்தான் கிளம்ப வேண்டும். கடல் ஏறவோ இறங்கவோ சுமார் 6 மணி நேரம் எடுக்கும். அதில் 3, 4-ஆம் மணி நேரங்களில் மட்டும் மொத்த நீரில் பாதி நகர்ந்துவிடும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. குறுகலான நீர்வழிகளை அந்த இரண்டு மணி நேரத்தில் தொடவே கூடாது.

★ விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்புவது நம் கட்டுமரக்காரர்களின் பழைய வழக்கம். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி அதன் மேலுள்ள காற்று மேலே எழ, கடலிலிருந்து காற்று உள்ளே வீசும். கயாக்காரர்களும் இருட்டிலேயே கிளம்பிவிடுவது இதனால்தான். காற்று எழுமுன் பாதித் தூரம் போய்விட வேண்டும்.

★ 2009-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய ஜெர்மானியப் பெண்மணி ஃப்ரேயா ஹாஃப்மைஸ்டர், கார்பென்டேரியா வளைகுடாவின் கரையைச் சுற்றாமல் நேரே குறுக்கே விட்டார். சுமார் 575 கி.மீ., 8 நாள். இரவில் இருபுறமும் மிதவை கட்டிக் கயாக்கிலேயே உறங்கினார். மொத்தச் சுற்றும் 332 நாள். கேஃபினுக்கு ஆனது 360.

★ 1932-இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மடக்குக் கயாக்கில் கிளம்பிய ஆஸ்கர் ஸ்பெக், இந்தியக் கரையையும் இலங்கையையும் கடந்து, சுமார் 50,000 கி.மீ. பயணத்துக்குப் பின் 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். அதற்குள் உலகப் போர் மூண்டிருந்தது. எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள்.

★ நாள் முழுவதும் தப்பித்தவர்கூடக் கரையேறும்போது அடிபடலாம். பெரிய அலைகள் கூட்டமாக வரும். உடைகிற இடத்துக்கு வெளியே காத்திருந்து, கூட்டம் கடந்ததும் கடைசி அலையின் முதுகைத் தொடர்ந்து வர வேண்டும். கவிழ்ந்துவிட்டால் படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கின் எடை நூறு கிலோவைத் தாண்டும். அடுத்த அலை அதைத் தூக்கி உங்கள் கால்மேல் போடும். எப்போதும் கடல் பக்கமே நில்லுங்கள்.

★ கோவளத்திலும் ராமேஸ்வரத்திலும் இன்று வாடகைக்குக் கயாக் கிடைக்கிறது. ஆசையோடு போங்கள். உயிர்காப்பு உடையின் பட்டையை மாட்டிய பிறகே தண்ணீரில் இறங்குங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். காற்று எப்படி என்று அங்கே வலை உலர்த்தும் அண்ணாச்சியிடம் கேளுங்கள். இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால், அன்று வேண்டாம்.