நீதி இருக்கையில் இருப்பவரைக் கேள்வி கேட்கலாமா?



திருவண்ணாமலைப் பகுதி ஊர்களில் சாதிப் பிரச்சினை எழும்போது அது முதலில் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. வட்டாட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோதான் போகிறது. இவர்கள் வருவாய்த்துறை அலுவலர்கள் மட்டுமல்லர், சட்டப்படி நிர்வாக நடுவர்களும் ஆவர். மாவட்ட ஆட்சியரே மாவட்ட நடுவர். அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவதும், நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. உரிமை கேட்டவரையும் அதை மறுத்தவரையும் ‘இரு தரப்பினர்’ என்று ஒரே தட்டில் நிறுத்துவதில்தான் பல நேரங்களில் அநீதி தொடங்குகிறது. அடிபட்டவரும் பிணை எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்.

அதிகாரி மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், சுமார் 80 ஆண்டுகளாக மறுக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 சனவரி 30 அன்று நுழைந்தார்கள். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் நின்றார்கள். புதிய சட்டம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. கோயில் நுழைவுச் சட்டம் 1947 முதலே இருக்கிறதே!

நீதிமன்றத்துக்குப் போன பிறகும் சாதி வெளியே நின்றுவிடுவதில்லை. 1968 கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விசாரணை நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியான பெரிய மனிதர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பு சொன்ன காரணங்களுள் ஒன்று. பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டுவோரை யாக்கோபு திருமுகம் கண்டிப்பது நமக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே மோதிரத்துக்குப் பதில் கார்.

அப்படியானால் நடுவரையும் நீதிபதியையும் யார் கேட்பது? தீர்ப்பு எழுதியதற்காக ஒரு நீதிபதிமேல் வழக்குத் தொடர முடியாதபடி 1985ஆம் ஆண்டின் நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் அரண் அமைத்திருக்கிறது. அதில் நியாயம் உண்டு. அந்த அரண் இல்லையென்றால் பணக்காரர்கள்தான் முதலில் நீதிபதிகளை மிரட்டுவார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊரின் கறுப்பின மக்கள், பிணைத் தொகையிலும் தண்டனையிலும் நிறம் பார்க்கிறார்கள் என்று உள்ளூர் நடுவர்மீதும் நீதிபதிமீதும் வழக்குத் தொடுத்தார்கள். 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்தவர்களுள் இன்னாருக்கு இன்ன பாதிப்பு என்று திட்டமாகக் காட்டப்படவில்லை என்றது. ஆனால் வேண்டுமென்றே உரிமையைப் பறிக்கும் நீதிபதி குற்றவியல் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொன்னது.

நம் மக்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ‘அவர் சாதி பார்க்கிறார்’ என்ற பேச்சு எங்கும் எடுபடாது. எந்த வழக்கு, எந்த நாள், எந்த ஆணை, அதில் எந்த வரி என்று காட்ட வேண்டும். அரசியலமைப்பின் 235ஆம் உறுப்பின்படி மாவட்ட நீதிமன்றங்களும் கீழ் நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆணை தவறு என்றால் மேல்முறையீடு. நடத்தை தவறு என்றால், ஆதாரத்தோடும் உறுதிமொழிப் பத்திரத்தோடும் உயர் நீதிமன்றப் பதிவாளருக்குப் புகார். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல மனுக்கள் குப்பைக்குப் போகின்றன.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-அ பிரிவையும் அறிந்திருப்பது நல்லது. குற்றம் சாட்டப்பட்டவர் பிணை கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும், அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது.

நடக்குமா என்று ஐயப்படுவோர் அடுத்த மாவட்டத்தைப் பாருங்கள். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992இல் பழங்குடி மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக, வனம், காவல், வருவாய்த்துறைகளைச் சேர்ந்த 215 பேர் 2011இல் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி 2023இல் தாமே அந்த ஊருக்குச் சென்று பார்த்தார். பிறகு தண்டனையை உறுதி செய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க ஆணையிட்டார். 31 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்தப் பெண்கள் சாட்சி சொல்வதை நிறுத்தவில்லை.

நம்மவர்க்கு இன்னொரு தடை உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் தனி இடம் ஒதுக்கும் பங்குகள் நம்மிடையே இன்னும் இருக்கையில், இதை அரசிடம் மட்டும் முறையிடுவதற்கு நமக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தால் தனியே போகாதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்திடாதீர்கள். அங்கே எழுதப்பட்டதன் நகலைக் கேட்டு வாங்கி, தேதியிட்டு வீட்டில் பத்திரமாக வையுங்கள்.