தந்தைக்கு நடுக்குவாதம், மகளுக்குக் குடல் அழற்சி: மரபணுத் தொடர்பு உண்டா?

மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலிருந்து நம் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் சிலர் ஒரு கேள்வியுடன் வருகின்றனர். தந்தைக்குப் பார்க்கின்சன் நோய் எனும் நடுக்குவாதம். மகளுக்கோ பல ஆண்டுகளாகக் குடல் அழற்சி. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா? நாளை மகளுக்கும் கை நடுங்குமா? கைபேசியில் எதையோ படித்துவிட்டு இரவெல்லாம் உறங்காமல் வருவோரும் உண்டு.

முதலில் ஒரு தெளிவு. குரோன் நோயும், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சியுமே இங்குப் பேசப்படுபவை. கோப்பில் இவற்றை ஐ.பி.டி. என்று எழுதுவர். குடலில் புண் ஏதுமின்றி வயிற்றுவலியும் மலப்போக்கில் மாற்றமும் தரும் ஐ.பி.எஸ். வேறு. ஓரெழுத்தால் வீணாக அஞ்சியவர் பலர்.

இனி மரபணுவுக்கு வருவோம். எல்.ஆர்.ஆர்.கே.-2 என்னும் மரபணு பார்க்கின்சன் நோயுடன் தொடர்புடையது என 2004-இல் கண்டறியப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, குரோன் நோயாளிகளை ஆராய்ந்தவர்களும் அதே மரபணு அமைந்த பகுதியிலேயே வந்து நின்றனர். 2018-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் மேலும் ஓரடி சென்றனர். இம்மரபணுவின் ஒரு மாற்றம் இரு நோய்களின் வாய்ப்பையும் கூட்டுகிறது. வேறொரு மாற்றம் இரண்டிலிருந்தும் ஓரளவு காக்கிறது. இம்மரபணு உருவாக்கும் புரதம் மூளை நரம்பணுக்களில் மட்டுமன்றி, நோய் எதிர்ப்பு அணுக்களிலும் வேலை செய்கிறது. அது அளவுக்கு மீறி இயங்கினால் அணுக்கள் தம் கழிவை அகற்றும் பணி தடுமாறும், அழற்சி வளரும்.

அப்படியானால் அச்சம் நியாயமானதா? அமெரிக்காவில் 1,44,018 குடல் அழற்சி நோயாளிகளை ஆராய்ந்தபோது, மற்றவரைவிட அவர்களிடம் பார்க்கின்சன் நோய் 28 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கேட்கப் பெரிதாக ஒலிக்கும் எண் இது. பேச்சுக்காக, ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வரக்கூடிய நோய் என்று கொண்டால், அது ஏறத்தாழ பதின்மூன்று ஆகும். எஞ்சிய 987 பேருக்கு வருவதில்லை.

மேலும், அந்த மரபணு மாற்றங்கள் பெரிதும் ஐரோப்பிய, யூத வம்சாவளியினரிடம் ஆராயப்பட்டவை. எல்.ஆர்.ஆர்.கே.-2-இன் மிகப் பரவலான பார்க்கின்சன் மாற்றம் இந்திய நோயாளிகளிடம் மிக அரிது. குரோன் நோயுடன் மேலைநாட்டில் இணைத்துப் பேசப்படும் என்.ஓ.டி.-2 மரபணு மாற்றங்களும் நம்மவரிடம் அரிதாகவே காணப்படுகின்றன. ஆகவே வெளிநாட்டு அளவுகோல் கொண்ட மரபணுச் சோதனைக்குப் பல்லாயிரம் செலவிடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். மூத்த மகனுக்குச் சோதனை செய்து, இளைய மகளின் திருமணப் பேச்சில் அதைக் கொண்டுவந்து வைப்பதில் யாருக்கும் பயனில்லை.

மரபணுவைவிட அவசரமாகப் பார்க்க வேண்டியது மாத்திரை அட்டையை. 'கேஸ் ட்ரபிள்' என்று கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளில் அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். வாந்தியை நிறுத்தத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும் இவ்வகையே. இவை மூளையில் டோபமின் செயலைத் தடுப்பவை. முதியோரிடம் நடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் உண்டாக்கலாம், ஏற்கெனவே பார்க்கின்சன் உள்ளவருக்கு அதை மோசமாக்கலாம். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியபின் சில வாரங்களிலோ மாதங்களிலோ நடுக்கம் குறையும். பரம்பரை நோய் என்று குடும்பமே கலங்கியிருக்க, காரணம் மேசை இழுப்பறைக்குள் இருந்திருக்கும்.

மேற்சொன்ன அமெரிக்க ஆய்விலேயே, டி.என்.எஃப். தடுப்பு ஊசி பெற்ற குடல் அழற்சி நோயாளிகளிடம் பார்க்கின்சன் நோய், அதைப் பெறாதவரைவிட 78 விழுக்காடு குறைவாக இருந்தது. ஊசிதான் காத்தது என்பதற்கு இது இன்னும் சான்றாகாது. காசநோய் மறைந்திருந்தால் கிளப்பிவிடக்கூடிய மருந்து அது. மூளையைக் காக்க வேண்டி யாரும் கேட்டுப் பெறத் தக்கதன்று. ஆனால் குடலுக்காக அதைப் பெறுவோர், உடல் தேறிவிட்டது என்று தாமாக நிறுத்தலாகாது. ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இது பொருந்தும்.

அடுத்த முறை வரும்போது, குடல் மருத்துவரிடம் தந்தையின் நடுக்கத்தையும், நரம்பியல் மருத்துவரிடம் மகளின் குடல் நோயையும் கூறுங்கள். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.