வீடு வீடாகப் போன ஆங்கில வாத்தியார்

வெளிநாட்டில் தனியாக டியூஷன் எடுத்துப் பிழைக்கும் ஆங்கில ஆசிரியருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பாடம் நடந்தால் காசு. மாணவருக்குக் காய்ச்சல் வந்தாலும், குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டாலும் அந்த வாரக் கூலி போனதுதான். டோக்கியோவிலும் மாட்ரிட்டிலும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்று போடும் இதே கணக்கை, நூறு வருஷங்களுக்கு முன்பு அட்ரியாடிக் கரையில் ஒரு துறைமுக ஊரில் ஓர் ஐரிஷ்காரர் போட்டுக்கொண்டிருந்தார். ஊர் டிரியெஸ்டே. இன்று இத்தாலியில் இருக்கிறது. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பெரிய துறைமுகம். வாத்தியார் பெயர் ஜேம்ஸ் ஜாய்ஸ்.

'யுலிசிஸ்' நாவலை எழுதியவராக அவரை உலகம் கொண்டாடுகிறது. அந்த நாவலுக்கு முந்தைய பத்துப் பதினைந்து வருஷம் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது பெரும்பாலும் ஆங்கிலப் பாடத்தால்தான். வாழ்க்கையின் இந்தப் பகுதியை இலக்கிய விமர்சகர்கள் சிலர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்துக்கு இடைஞ்சலாக இருந்த வேலை என்று அதைச் சொல்லிவிட முடியாது. அந்த எழுத்தில் பாதி, டியூஷன் வீடுகளில் கேட்டதும் பார்த்ததும்.

1904 அக்டோபரில், 22 வயதில், காதலி நோரா பார்னக்கிளோடு டப்ளினை விட்டுப் புறப்பட்டார் ஜாய்ஸ். சூரிச் நகரின் பெர்லிட்ஸ் மொழிப் பள்ளியில் வேலை இருக்கிறது என்று நம்பிப் போனார். போய் நின்றால் அப்படி ஒரு வேலையே இல்லை. டிரியெஸ்டேவுக்குப் போகச் சொன்னார்கள், அங்கேயும் இல்லை. கடைசியில் போலா என்ற கடற்படைத் துறைமுகத்தில் இடம் கிடைத்தது. வாரம் 16 மணி நேரப் பாடம், 2 பவுண்டு கூலி. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஆஸ்திரியக் கடற்படை அதிகாரிகள் பலர். பெர்லிட்ஸ் முறையில் மாணவரின் தாய்மொழியில் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, முதல் நாளிலிருந்தே ஆங்கிலம் மட்டும்தான். இன்றும் வெளிநாட்டு ஆங்கில வகுப்புகள் பலவற்றில் இதுதான் வழக்கம்.

1905 மார்ச்சில் டிரியெஸ்டேவுக்கு மாறினார். ஆங்கிலம் விலைபோகிற ஊர் அது. ஆஸ்திரிய லாயிட் கப்பல் கம்பெனியும் ஜெனராலி காப்பீட்டு நிறுவனமும் அங்கே பிறந்தவை. வியாபாரிக்கும் குமாஸ்தாவுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடக் கூலி போதவில்லை. அந்த வருஷமே மகன் பிறந்தான். இடையில் ரோமாபுரியில் ஒரு வங்கியில் சில மாதம் குமாஸ்தாவாக இருந்து பார்த்துவிட்டு, 1907இல் திரும்பி வந்தார். அந்தக் கோடையில் மூட்டுக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அதே ஆஸ்பத்திரியின் ஏழைகள் பிரிவில் மகள் லூசியா பிறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் தனி டியூஷனில் முழுசாக இறங்கினார்.

துணிச்சல்தான். பள்ளிக்கூடம் நடுவில் நின்று எடுத்துக்கொண்ட பங்கு இப்போது வாத்தியாரின் கைக்கே வரும். ஆனால் ஆள் பிடிப்பதும் வசூலிப்பதும் ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடப்பதும் அவர் தலையில்தான். ஒரு மணிப் பாடத்துக்கு அரை மணி நடை. அந்த நடைக்கு யாரும் காசு தருவதில்லை. கோடையில் மாணவர் குறைவார்கள், வாடகை குறையாது. பாடம் நடத்துவதற்கு முன்பே அதன் காசைக் கேட்டு வாங்கும் பழக்கம் ஜாய்ஸுக்கு இருந்தது. அதை ஊதாரித்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. கையில் காசு நிற்காத மனுஷன் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த வாரம் எத்தனை பாடம் நடக்கும் என்றே தெரியாத பிழைப்பில் முன்பணம் கேட்காமல் வேறென்ன செய்வது?

அப்படி அவர் போன வீடுகளில் ஒன்று ஊரோரம் செர்வோலாவில், பெயின்ட் தொழிற்சாலையை ஒட்டி இருந்த வில்லா வெனெத்சியானி. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு அந்தக் குடும்பத்தின் தொழில் ரகசியம். பிரிட்டிஷ் கடற்படை வாடிக்கை. லண்டன் பக்கம் சார்ல்டனில் கிளைத் தொழிற்சாலை. அந்த வேலையாக அடிக்கடி இங்கிலாந்து போய்வந்த மருமகனுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. எத்தோரே ஷ்மிட்ஸ் என்ற அந்த மாணவர், வாத்தியாரைவிட இருபது வயது மூத்தவர். அவர் மனைவி லிவியாவும் கூட உட்கார்ந்து படித்தார்.

ஒரு நாள் ஜாய்ஸ் தான் எழுதி முடித்த 'தி டெட்' கதையை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்த லிவியா தோட்டத்துக்குப் போய்ப் பூப்பறித்து வந்து வாத்தியாரிடம் கொடுத்தார். அந்தக் கதையை எந்தப் பதிப்பகமும் அச்சில் கொண்டுவர இன்னும் பல வருஷம் ஆகவேண்டியிருந்தது.

தானும் ஒரு காலத்தில் எழுதினவன்தான் என்று ஷ்மிட்ஸ் கூச்சத்தோடு இரண்டு நாவல்களை எடுத்துத் தந்தார். இதாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் 1892இலும் 1898இலும் வெளிவந்தவை. யாரும் கண்டுகொள்ளவில்லை, அவரும் எழுத்தைக் கைவிட்டுப் பெயின்ட் வியாபாரத்தோடு இருந்துவிட்டார். அடுத்த பாடத்துக்கு வந்த ஜாய்ஸ், அவற்றில் இரண்டாவதான 'செனிலிட்டா' நாவலின் சில பகுதிகளை பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்ஸ்கூட இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது என்று சொன்னார்; சில இடங்களை மனப்பாடமாகவும் ஒப்பித்தார். நாற்பது வயது தாண்டிய ஒரு வியாபாரிக்கு அது எப்படி இருந்திருக்கும்! அன்று பாடம் முடிந்தும் பேச்சு முடியாமல், வாத்தியாரோடு வெகுதூரம் நடந்தே போனார் அந்த மாணவர்.

வீட்டுப்பாடமும் கொடுத்தார் ஜாய்ஸ். ஒரு முறை தலைப்பே வாத்தியார்தான். அவரைப் பற்றி ஷ்மிட்ஸ் ஆங்கிலத்தில் எழுதினார். தெருவில் நடக்கும்போது முழு ஓய்வை அனுபவிப்பவர்போல நடக்கிறார் என்று அதில் ஒரு கவனிப்பு வருகிறது. இன்னொரு முறை தான் எழுதிக்கொண்டிருந்த 'இளம் கலைஞனின் உருவப்படம்' நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களைக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். நாவல் அதற்குமேல் நகராமல் நின்றுபோயிருந்த சமயம். 1909 பிப்ரவரியில் ஷ்மிட்ஸ் தன் தடுமாறும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். பிடித்ததையும் பிடிக்காததையும் ஒளிக்காமல் சொன்ன கடிதம். அதைப் படித்த ஜாய்ஸுக்கு மறுபடி எழுதத் தெம்பு வந்தது. இங்கே யார் யாருக்குக் கூலி கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஷ்மிட்ஸ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஜாய்ஸ் அவரைத் துருவித் துருவிக் கேட்டார். பிற்பாடு 'யுலிசிஸ்' நாயகனான லியோபோல்ட் ப்ளூமிடம் ஷ்மிட்ஸின் சாயல் தெரிந்ததற்கு இந்தக் கேள்விகளும் ஒரு காரணம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்காது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, காபி, ஒரு மணி நேரம்: பேசித்தான் ஆகவேண்டும், பேசினால் சொந்தக் கதை வந்தே தீரும். தனி ஆசிரியரின் உண்மையான தொழில் கேட்பதுதான் என்று நான் நினைக்கிறேன். இலக்கணத்தைப் புத்தகமும் சொல்லித் தரும்.

இன்னொரு மாணவர் ரொபெர்த்தோ பிரெத்சியோசோ, அந்த ஊர் மாலைப் பத்திரிகையின் ஆசிரியர். டியூஷன் பழக்கத்தில் அயர்லாந்து பற்றி இத்தாலிய மொழியில் கட்டுரைகள் எழுதித் தரக் கேட்டு வாங்கிப் போட்டார். 1913இலிருந்து காலையில் வணிக உயர்பள்ளியில் வேலை, பிற்பகலில் வீட்டுப் பாடங்கள் என்று ஜாய்ஸின் பாடு கொஞ்சம் சீரானது. உலகப் போர் வந்து அதையும் கலைத்தது. 1915இல் குடும்பத்தோடு சூரிச் போனார், அங்கேயும் டியூஷன்தான். ஹாரியட் ஷா வீவர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கொடுக்கத் தொடங்கிய பணம்தான் அவரைப் படிப்படியாக டியூஷன் பிழைப்பிலிருந்து மீட்டது.

எல்லாத் தனி ஆசிரியருக்கும் ஒரு வீவர் கிடைப்பதில்லை. இன்று இந்தத் தொழிலில் மேலும் ஒரு சிக்கல், சட்டம். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க இ-2 விசாவில் போகிறவர், வேலை தந்த பள்ளிக்கு வெளியே தனியாக டியூஷன் எடுத்தால் குற்றம். அபராதமும் நாடுகடத்தலும் வரை போகும். சீனா 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகள், வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துச் சீனப் பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு நடத்துவதைத் தடுத்தன. அதை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களின் வேலை சில மாதங்களுக்குள் போயிற்று. பிள்ளைகளின் சுமையைக் குறைப்பது என்ற நோக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு முன்னறிவிப்போ நஷ்டஈடோ கேட்க ஒரு வாசல் இல்லையே!

ஜாய்ஸின் மாணவர் ஷ்மிட்ஸிடம் திரும்புவோம். அவர் மறுபடி நாவல் எழுதத் தொடங்கினார். 1923இல் 'ஸெனோவின் மனசாட்சி' சொந்தச் செலவில் வெளிவந்தது. இத்தாலி மறுபடி மௌனம் காத்தது. பாரிஸில் இருந்த பழைய வாத்தியார், யார் யாருக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று எழுதி, பிரெஞ்சு விமர்சகர்களிடம் தானே எடுத்துச் சொன்னார். 1926இல் ஒரு பாரிஸ் இதழ் ஸ்வேவோவுக்குச் சிறப்பிடம் கொடுத்தது. மறு வருஷம் மிலானில், ஜாய்ஸைப் பற்றி ஸ்வேவோ ஓர் உரை நிகழ்த்தினார்.

இந்தக் கதையில் விட்டுவிடக் கூடாத இன்னொருவர், தம்பி ஸ்டானிஸ்லாஸ். 1905இல் அண்ணன் கூப்பிட்டு டிரியெஸ்டே வந்து அதே பெர்லிட்ஸில் சேர்ந்தவர். அண்ணன் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் அவருடைய சம்பளம் எத்தனையோ முறை போயிருக்கிறது. போரின்போது எதிரி நாட்டுக்காரர் என்று ஆஸ்திரிய முகாமில் அடைக்கப்பட்டார். அண்ணன் பாரிஸில் புகழ்பெற்ற காலத்திலும் அவர் டிரியெஸ்டேயில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்து, 1955இல் அங்கேயே இறந்தார். நமக்கு அந்த வருஷங்களைப் பற்றி இவ்வளவு தெரிவதற்கு அவர் விடாமல் எழுதிவைத்த நாட்குறிப்பு பெரும் காரணம்.