மயக்குவது தோணியா, பயமா?

ஏறியவர்களை ஒருவர்மேல் ஒருவர் மயங்க வைக்கும் மந்திரப் படகு கதைகளில் வரும். தூத்துக்குடி முத்துக்கரையில் மந்திரம் ஓதியது நிஜம்தான். ஆனால் அது காதலுக்கு இல்லை, சுறாவுக்கு. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலத்தில் குளியாளிகள் நீரில் இறங்குமுன் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே ‘கடல்கட்டி’ என்பவர் இருந்தார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குப் போனதாக எழுதியிருக்கிறார். பொழுது சாய்ந்தால் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரித் திருட்டுக்கு அதைவிட நல்ல காவல் ஏது?

காதல் மயக்கத்துக்கு மந்திரக்காரர் தேவையில்லை, ஆட்டமும் பயமுமே போதும் என்கிறது உளவியல். கனடாவில், வான்கூவர் பக்கத்தில், கபிலானோ ஆற்றுக்குச் சுமார் 70 மீட்டர் மேலே ஒரு தொங்குபாலம் ஆடிக்கொண்டிருக்கிறது. உளவியலாளர்கள் டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஆரோனும் அங்கே ஓர் இளம்பெண்ணை நிறுத்தினார்கள். தனியாக வரும் ஆண்களிடம் ஒரு படத்தைக் காட்டிச் சின்னக் கதை எழுதச் சொல்லி, விருப்பப்பட்டால் கூப்பிடலாம் என்று தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத, தாழ்வான பாலத்தில் வாங்கியவர்கள் 16 பேர்; கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். முடிவு 1974இல் வெளியானது.

பயத்திலும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நாக்கு வறளும். ஆசையிலும் அப்படியே. இரண்டுக்கும் உடம்பில் ஓடுவது அட்ரினலின். படபடப்புக்குக் காரணம் தேடும் மூளை, எதிரே நிற்கும் முகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கச்சான் காற்று பலமாக வீசும் நாளில் வள்ளத்தில் போனால் அலை தூக்கிப் போடும்போதெல்லாம் பக்கத்திலிருப்பவர் கையைத் தானாகப் பிடிப்போம். மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இத்தனை சின்னக் கணக்கை வைத்து ரொம்பத் துள்ளக் கூடாது. 1981இல் வேறொரு குழு, ஆண்களை நின்ற இடத்திலேயே ஓடவைத்துவிட்டு ஒரு பெண்ணின் வீடியோவைக் காட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அவள் அழகாகத் தெரிந்தபோது கூடுதலாகப் பிடித்தது. அழகைக் குறைத்துக் காட்டியபோது கூடுதலாகக் கசந்தது. ஆக, அந்த மந்திரப் படகில் ஏறிச் சண்டையோடு இறங்கவும் வழியிருக்கிறது.

முத்துத் தோணிக்காரர்கள் இந்த மயக்கத்தை நம்பி மூச்சடக்கவில்லை. கல்லோடு கடலடிக்குப் போகிறவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அக்காளோ தங்கையோ தாலி இழக்க எந்த மச்சான் சம்மதிப்பான்?